பம்பில் வரி கட்டிய பிறகும் "ஃபுயல் டாக்ஸ்" என்று வெட்டுகிறார்களே, ஏன்?

சுன்னாகம்401

அண்ணைமார், அக்காமார், எல்லாருக்கும் வணக்கம். ரொறன்ரோவில் இருந்து ஐ-75 நெடுஞ்சாலை வழியாக ஜோர்ஜியா, புளோரிடா ஓடுகிறேன். இடைக்கிடை பென்சில்வேனியா, நியூ ஜேர்சி. ட்ரக் என்னுடையது, ஆனால் ஒரு கொம்பனியின் கீழ் லீசில் ஓடுகிறது. கதவில் இருப்பது அவர்களின் இஃப்டா என்ற எரிபொருள் வரி ஸ்டிக்கர். டீசல் காசு என்னுடையது.

மாதக் கணக்குச் சீட்டில் "ஃபுயல் டாக்ஸ்" என்று ஒரு தொகை வெட்டுகிறார்கள். எப்படி வந்தது என்று கேட்டால், மைலுக்கு இவ்வளவு என்று சொல்வதோடு சரி. பம்பில் டீசல் அடிக்கும்போதே வரி விலைக்குள் இருக்கிறதுதானே? ஒஹாயோவில் விலை குறைவு என்பதால் பெரும்பாலும் அங்கேதான் டாங்க் நிரப்புகிறேன். பிறகு எதற்கு இரண்டாம் தரம்? அதோடு கென்டக்கிக்கு வேறொரு நம்பர், நியூயோர்க்குக்கு வேறொரு ஸ்டிக்கர் என்கிறார்கள். அவையும் இதற்குள் வருமா, வேறா? தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கோ.

மார்க்கம் கணக்காளர்

தம்பி, நான் ட்ரக் கொம்பனிகளின் கணக்குப் பார்க்கிறவள். இந்தக் கேள்வி ஒவ்வொரு காலாண்டும் யாராவது கேட்பார்கள். கேட்கத்தான் வேண்டும்.

டீசல் வரி, எந்த மாநிலத்து வீதியில் அந்த டீசலை எரித்தீர்களோ அந்த மாநிலத்துக்குச் சேர வேண்டியது. பம்பில் கட்டியது முற்பணம் மட்டும். ஒஹாயோவில் நிரப்பிய டீசலை கென்டக்கியிலும் டெனசியிலும் எரித்தால், அந்த வரியில் ஒரு பங்கு கென்டக்கிக்கும் டெனசிக்கும் போக வேண்டும். அதைத் தீர்த்துவைக்கிற ஏற்பாடுதான் இஃப்டா, அதாவது சர்வதேச எரிபொருள் வரி உடன்படிக்கை. அலாஸ்கா, ஹவாய் நீங்கலாக 48 மாநிலங்களும் கனடாவின் 10 மாகாணங்களும் இதில் இருக்கின்றன. 26,000 இறாத்தலுக்கு மேற்பட்ட வாகனமோ, எடை எதுவானாலும் மூன்று அச்சோ அதற்கு மேலோ உள்ளதோ எல்லை தாண்டி ஓடினால் இதற்குள் வரும். உங்கள் கொம்பனி ஒன்ராறியோ நிதி அமைச்சுக்கு ஒரேயொரு படிவம் போடும். மற்ற மாநிலங்களோடு பிரித்துக்கொள்வது ஒன்ராறியோவின் வேலை.

கணக்கை ஒருக்கால் போட்டுப் பார்ப்போம். ஒன்ராறியோப் படிவம் கிலோமீற்றர், லீற்றரில்தான் இருக்கும், ஆனால் விளங்குவதற்காக மைலிலேயே போடுகிறேன். ஒரு காலாண்டில் 30,000 மைல் ஓடி 5,000 கலன் அடித்தீர்கள் என்று வையுங்கோ. கலனுக்கு 6 மைல். ஒஹாயோவில் ஓடியது 6,000 மைல் என்றால் அங்கே எரித்தது 1,000 கலன். ஆனால் அங்கே வாங்கியது 1,600 கலன். 600 கலனுக்கு வரி கூடுதலாகக் கட்டியிருக்கிறீர்கள். ஒஹாயோ வரி கலனுக்கு 47 சதம், ஆகவே 282 டொலர் உங்கள் பக்கம் வரவு. பென்சில்வேனியாவில் 9,000 மைல், அப்படியென்றால் எரித்தது 1,500 கலன். வாங்கியதோ 300 கலன்தான். மிச்சம் 1,200 கலனுக்கு அந்த மாநிலத்தின் 2025 வீதமான 74.1 சதப்படி 889.20 டொலர் கட்ட வேண்டும். இந்த இரண்டையும் கழித்தால் நீங்கள் கொடுக்க வேண்டியது 607.20. மற்ற மாநிலங்களையும் மாகாணங்களையும் இப்படியே போட்டுக் கூட்டிக் கழித்து வருவதுதான் காலாண்டு வரி.

அமெரிக்க மத்திய அரசின் டீசல் வரி, கலனுக்கு 24.4 சதம், இதற்குள் வராது. அது எந்த மாநிலத்தில் அடித்தாலும் ஒன்றுதான், திரும்பியும் வராது.

இப்போது உங்கள் கொம்பனி "மைலுக்கு இவ்வளவு" என்று வெட்டுவதைப் பாருங்கோ. மேலே போட்ட கணக்கில், எங்கே ஓடினோம் என்பதோடு எங்கே வாங்கினோம் என்பதும் இருக்கிறது. மைலுக்கு ஒரே தொகை என்றால் வாங்கிய இடம் கணக்கிலேயே இல்லை. நீங்கள் பென்சில்வேனியாவில் நிரப்பி அங்கே வரி கட்டியிருந்தாலும் வெட்டு அதேதான். அந்த வரவு யாருடைய பெட்டிக்குள் போகிறது என்று கேளுங்கோ.

டல்லாஸ் முருகன்

அக்கா சொன்னதோடு சேர்த்து ஒன்று. தம்பி ஓஹாயோவில் விலை குறைவு என்று எழுதியிருந்தார். நம்ம ஆட்கள் பலர் பலகையில் இருக்கும் விலையைப் பார்த்துத்தான் வண்டியைத் திருப்புகிறார்கள். அந்த விலையில் வரியும் சேர்ந்திருக்கிறது. வரி எப்படியும் ஓடிய மைலுக்குத்தான் தீரப்போகிறது என்றால், டீசலின் விலை என்பது வரி கழித்த விலைதான்.

பென்சில்வேனியாவில் கேலன் 3.99, ஓஹாயோவில் 3.79 என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாவதில் 74.1 சென்டைக் கழித்தால் 3.249. இரண்டாவதில் 47 சென்ட் போனால் 3.32. பலகையில் 20 சென்ட் மலிவாகத் தெரிந்த ஓஹாயோ, உண்மையில் 7 சென்ட் அதிகம். 200 கேலன் அடித்தால் 14 டாலர். வருஷம் முழுக்க ஓடுகிறவருக்கு இது சின்னத் தொகை இல்லை.

எங்கள் டெக்சஸில் டீசல் வரி 1991 முதல் 20 சென்ட்டிலேயே நிற்கிறது. கலிபோர்னியாவின் இஃப்டா வீதம் 90 சென்டுக்கும் மேல். டெக்சஸில் நிரப்பிக்கொண்டு கலிபோர்னியாவுக்குள் போய் எரித்தால் அந்த 70 சென்ட் வித்தியாசம் காலாண்டு முடிவில் வாசலில் வந்து நிற்கும்.

ஆனால் தம்பி, இந்தக் கணக்கெல்லாம் சொந்த அத்தாரிட்டியில், அதாவது தன் பெயரிலேயே அனுமதி எடுத்து, ஓடுகிறவனுக்கும், வரவை ஒழுங்காகத் திருப்பிக் கொடுக்கும் கம்பெனியில் ஓடுகிறவனுக்கும்தான். உங்கள் கம்பெனி மைலுக்கு ஒரே வெட்டு வெட்டினால், உங்களுக்குப் பலகை விலைதான் விலை. அதனால் முதலில் அதைத் தெரிந்துகொள்ளுங்கள். அது தெரியாமல் எங்கே டீசல் அடிப்பது என்று முடிவெடுக்கவே முடியாது.

இன்னொன்று: கென்டக்கியிலும் வர்ஜீனியாவிலும் சர்சார்ஜ் என்று ஒரு கூடுதல் வரி இஃப்டா படிவத்தில் தனி வரிசையாக வரும். அது பம்பு விலையில் கிடையாது. அந்த மாநிலத்திலேயே டீசல் அடித்திருந்தாலும், அங்கே எரித்த கேலன் முழுவதுக்கும் அதைத் தனியாகக் கட்டத்தான் வேண்டும்.

பழைய ட்ரைவர்

நான் எண்பதுகளின் கடைசியில் இந்தத் தொழிலுக்கு வந்தவன். அப்போது ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனி அனுமதி, தனித்தனி முத்திரை. பிங்கோ பிளேட் என்று ஒரு தகடு, அதில் கட்டம் கட்டமாக இருக்கும். ஒரு கட்டத்துக்கு ஒரு மாநிலத்து முத்திரை ஒட்டவேண்டும். கடதாசிக்கென்றே ஒரு பெரிய கோப்பு ட்ரக்கில் கிடக்கும். புது மாநிலத்துக்கு லோட் கிடைத்தால் எல்லையில் நின்று தற்காலிக அனுமதி வாங்கித்தான் உள்ளே போகலாம். ஒரு முத்திரை குறைந்தாலும் தண்டம்.

இஃப்டாவை 1983-ல் அரிசோனா, அயோவா, வாஷிங்டன் என்ற மூன்று மாநிலங்கள்தான் தொடங்கின. 1991-ல் அமெரிக்கக் காங்கிரஸ் சட்டம் போட்டு, 1996 செப்டெம்பர் முடிவுக்குள் எல்லாரும் சேரவேண்டும் என்றபிறகுதான் மிச்சப்பேர் வந்தார்கள். இன்றைக்கு இரண்டு ஸ்டிக்கரும் ஒரு உரிமப் பிரதியும் போதும். பிள்ளைகள் இஃப்டாவைத் திட்டுவதைக் கேட்டால் எனக்கு மனம் ஒப்புவதில்லை. வரி முந்தியும் இருந்தது, ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனியாகக் கணக்குக் காட்ட வேண்டியிருந்தது. அந்தச் சில்லறை வேலையை எடுத்துவிட்டது இதுதான்.

சுன்னாகம்401

மிக்க நன்றி. வாங்கிய இடம், எரித்த இடம் இப்போது விளங்குது. அந்த கென்டக்கி நம்பர், நியூயோர்க் ஸ்டிக்கர் விசயத்தையும் யாராவது சொன்னால் நல்லது. அவையும் டீசலுக்குத்தானா?

டல்லாஸ் முருகன்

இல்லை தம்பி, அவை டீசலைப் பார்ப்பதே இல்லை. எடையையும் மைலையும் பார்த்து வாங்குகிற ரோட்டு வரி. இஃப்டாவோடு சம்பந்தமில்லாத தனிக் கணக்கு, தனிப் படிவம். ஐந்து மாநிலங்கள் வாங்குகின்றன: ஓரிகன், நியூ மெக்சிகோ, கென்டக்கி, நியூயார்க், அப்புறம் 2023 ஜனவரியில் சேர்ந்த கனெக்டிகட்.

நீங்கள் ஐ-75 ஆள் என்பதால் கென்டக்கியை முதலில் சொல்கிறேன். கேஒய்யு என்பார்கள். மொத்த எடை 60,000 பவுண்டும் அதற்கு மேலும் பதிவான வண்டிக்கு மைலுக்கு 2.85 சென்ட். டென்னசி எல்லையில் இருந்து சின்சினாட்டி பாலம் வரை ஐ-75 சுமார் 192 மைல், ஒரு தடவை போக ஐந்தரை டாலர் வரும். தொகை சின்னது. ஆனால் கணக்கே தொடங்காமல் ஓடிவிட்டு, எடைநிலையத்தில் நிறுத்தும்போதுதான் தெரிந்துகொள்கிறவர்கள் இருக்கிறார்கள். லீசில் ஓடுவதால் உங்களுக்குக் கம்பெனியின் கணக்கு இருக்கும். இதையும் அந்த "ஃபுயல் டாக்ஸ்" வெட்டுக்குள் போட்டுவிட்டார்களா என்று கேளுங்கள்.

நியூ மெக்சிகோவில் 26,000 பவுண்டுக்கு மேல் உள்ள வண்டிகளுக்கு எடை-தூர வரி. 80,000 பவுண்டு வண்டிக்கு மைலுக்கு 4.378 சென்ட். ஐ-40 அந்த மாநிலத்துக்குள் சுமார் 373 மைல், அதாவது கிட்டத்தட்ட 16 டாலர்.

ஓரிகன்தான் இதில் பெரிய ஆள். அங்கே கனரக வண்டிக்கு இஃப்டாவில் டீசல் வரி வீதம் பூஜ்யம். அதற்குப் பதில் முழுவதும் எடை-மைல் வரி. 80,000 பவுண்டுக்கு 2024-ல் இருந்து மைலுக்கு 25 சென்டை ஒட்டி. ஐ-5-ல் கலிபோர்னியா எல்லையில் இருந்து போர்ட்லாந்து தாண்டி வாஷிங்டன் எல்லை வரை 308 மைல், 77 டாலர். இங்கே ஒரு பொறி இருக்கிறது, மேற்கே ஓடுகிறவர்கள் கவனியுங்கள். எடை-மைல் கணக்கு உள்ள வண்டிக்கு ஓரிகனில் மாநில வரி இல்லாமல் டீசல் அடிக்கலாம். விலை ரொம்பக் குறைவாகத் தெரியும். ஆனால் அங்கே வரி கட்டவில்லை என்பதால் இஃப்டாவில் வரவும் இல்லை. அதை நிரப்பிக்கொண்டு கலிபோர்னியாவுக்குள் இறங்கினால், எரிக்கிற ஒவ்வொரு கேலனுக்கும் 90 சென்டுக்கு மேல் கைக்காசில் இருந்து போகும். நான் மேலே சொன்ன "வரி கழித்த விலை" கணக்கில் ஓரிகனுக்குக் கழிக்க எதுவுமே இல்லை, பலகை விலையேதான் விலை.

ஓரிகன் கேலனையும் மைலையும் இஃப்டா படிவத்தில் எழுதாமல் விடுவதும் தப்பு. வீதம் பூஜ்யம் என்றாலும், மொத்த மைலேஜ், அதாவது கேலனுக்கு எத்தனை மைல் என்று, கணக்கிட அவை இரண்டும் வேண்டும்.

பீஸ்பிரிட்ஜ் தம்பி

நியூயோர்க்கை நான் சொல்கிறேன், பஃபலோ வழியாக ஓடுகிறவன். அங்கே 18,000 இறாத்தலுக்கு மேலேயே தொடங்கிவிடும். பதிவுச் சான்றிதழும் ஸ்டிக்கரும் ட்ரக்குக்கு எடுக்க வேண்டும், கட்டணம் ஒன்றரை டொலர்தான். 80,000 இறாத்தல் சுமையோடு ஓடினால் மைலுக்கு 5.46 சதம். முக்கியமானது, த்ரூவே என்ற சுங்க நெடுஞ்சாலையில் சுங்கம் கட்டி ஓடும் மைலை இந்த வரியில் இருந்து கழித்துக்கொள்ளலாம். பஃபலோவில் இருந்து ஐ-90 பிடித்து ஓடுகிறவர்களுக்கு இது நல்ல தொகை. ஆனால் த்ரூவே மைலையும் மற்ற மைலையும் பிரித்து எழுதி வைத்திருக்க வேண்டும், சுங்கத்தைத் தானாக வெட்டும் ஈ-சீபாஸின் அறிக்கையையும் வைத்திருங்கோ.

கனெக்டிகட்டில் 26,000 இறாத்தலில் இருந்து தொடங்கி மைலுக்கு 2.5 சதம், 80,000 வரும்போது 10 சதம், அதற்கு மேல் போனால் ஒரேயடியாக 17.5 சதம். பொஸ்டன் பக்கம் லோட் எடுக்கிறவர்கள் விலை பேசும்போதே இதைச் சேர்த்துப் பேசுங்கோ.

சாலைப் பொறியாளன்

லாரி ஓட்டுபவன் இல்லை, போக்குவரத்துப் பொறியியல் படித்தவன். ஓரிகன் முறையை எல்லோரும் தண்டனை மாதிரி பேசுகிறார்கள். என் பார்வையில் ஐந்தில் நியாயத்துக்கு மிக அருகில் இருப்பது அதுதான்.

இல்லினாய் மாநிலத்து ஒட்டாவா ஊருக்கு அருகில் 1958 முதல் 1960 வரை ஒரு பெரிய சோதனை நடந்தது. சோதனைக்கென்றே ரோடு போட்டு, அதில் பல எடைகளில் லாரிகளை ஓயாமல் ஓட்டி, எது எவ்வளவு வேகத்தில் சாலையைக் கெடுக்கிறது என்று அளந்தார்கள். அதில் இருந்து வந்த கணக்குதான் நான்காம் படி விதி: அச்சின் மேல் உள்ள எடை இரட்டிப்பானால் சேதம் சுமார் 16 மடங்கு. 1979-ல் அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் 80,000 பவுண்டு லாரி ஒன்றின் சேதத்தை 9,600 கார்களின் சேதத்துக்குச் சமம் என்று எழுதியதும் இந்தக் கணக்கை வைத்துத்தான்.

டீசல் வரி எரிபொருளைத்தான் பார்க்கிறது. நல்ல எஞ்சின் உள்ள புதிய வண்டி அதே ரோட்டை அதே அளவு கெடுத்துவிட்டுக் குறைவாகக் கட்டும். மின்சார லாரி டீசல் வரியே கட்டாது. மத்திய அரசின் 24.4 சென்ட் 1993-க்குப் பிறகு ஏறவே இல்லை. ரோட்டைப் பராமரிக்கும் பணம் எங்கிருந்து வரும்? எடையையும் மைலையும் பார்த்து வாங்குவதுதான் நேர்மையான வழி.

டல்லாஸ் முருகன்

பொறியாளர் சொல்வதில் அடிப்படை சரி, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எடைக்கு ஏற்ற வரி என்றால், அந்த அளவை அவர்கள் நேர்மையாக வைக்கவும் வேண்டும். ஓரிகன் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை யார் எவ்வளவு கட்ட வேண்டும் என்று ஆய்வு செய்கிறது. அந்த மாநிலத்தின் சொந்த ஆய்வே கனரக வண்டிகள் தங்கள் பங்குக்கு மேல் கட்டுகின்றன என்று சொன்ன பிறகும் வீதம் இறங்கவில்லை. 2024 ஜனவரியில் அங்குள்ள ட்ரக்கிங் சங்கம் வழக்கே போட்டது. நியூயார்க் ஸ்டிக்கர் கட்டணம் இன்றைக்கு ஒன்றரை டாலர் என்று தம்பி எழுதினாரே, அது தானாகக் குறைந்ததில்லை. முன்பு வண்டிக்கு 19 டாலர் வரை வாங்கினார்கள். சொந்த வண்டி ஓட்டுநர்களின் சங்கம் நீதிமன்றம் போனது, எத்தனை மைல் ஓடினாலும் ஒரே கட்டணம் என்பது வெளிமாநில வண்டிகளுக்கு அநியாயம் என்று 2016-ல் தீர்ப்பு வந்த பிறகுதான் குறைத்தார்கள்.

இன்னொரு விஷயம். நூறு வண்டிக் கம்பெனிக்கு இந்த ஐந்து மாநிலப் படிவத்தையும் போட ஒரு அலுவலகமே இருக்கும். ஒரே வண்டிக்காரன் ஞாயிற்றுக்கிழமை வண்டியின் படுக்கையில் உட்கார்ந்து எழுதுகிறான். வரித் தொகையை விட அந்த நேரம்தான் அவனுக்கு அதிகம் செலவு. ஐந்து இடத்திலும் ஒரே படிவம் என்று வந்தால் நான் பொறியாளரோடு முழு மனசாக நிற்பேன்.

சாலைப் பொறியாளன்

ஒப்புக்கொள்கிறேன் அண்ணா. வீதம் ஒரு பேச்சு, அதை வசூலிக்கும் முறை இன்னொரு பேச்சு. இஃப்டா மாதிரி மைல் வரிக்கும் ஒரு பொது உடன்படிக்கை வராமல் இது சின்ன ஆட்களை நசுக்கத்தான் செய்யும்.

சுன்னாகம்401

கொம்பனியோடு போட்ட ஒப்பந்தத்தை எடுத்து வாசித்தேன். டீசல் செலவு என்னுடையது என்று இருக்கிறது. எரிபொருள் வரியை யார் கட்டுவது என்று ஒரு இடத்திலும் இல்லை. வேண்டுமென்றால் அடுத்த வருடம் நீயே இஃப்டா எடுத்துக்கொள் என்கிறார்கள். எடுக்கலாமா?

மார்க்கம் கணக்காளர்

முதலில் ஒப்பந்தம். 30 நாளும் அதற்கு மேலும் போகிற லீசில் யார் வரி கட்டுவது என்று இரண்டு பகுதியும் பேசி எழுத்தில் வைத்துக்கொள்ளலாம் என்பது இஃப்டா விதி. ஒப்பந்தத்தில் அதைப்பற்றி ஒன்றும் இல்லையென்றால் பொறுப்பு லீசுக்கு எடுத்தவருக்கு, அதாவது உங்கள் கொம்பனிக்கு. ஆகவே எழுத்தில் இல்லாத ஒன்றை வெட்டுகிறார்கள். சண்டைக்குப் போகாமல் ஒரு மின்னஞ்சல் எழுதுங்கோ: என் ட்ரக் இலக்கத்துக்கு ஒவ்வொரு காலாண்டும் மாநிலம் மாநிலமாக எத்தனை மைல், எத்தனை கலன் எழுதினீர்கள், எவ்வளவு வரி, எவ்வளவு வரவு என்று. படிவம் போட அவர்கள் அதைக் கட்டாயம் தயாரித்திருக்க வேண்டும், இல்லையென்று சொல்ல முடியாது.

நீங்களே எடுப்பதென்றால், ஓட்டத்தை விட ஆவணம்தான் வேலை. நாள் தவறினால், கட்ட வேண்டிய வரியில் 10 வீதம் அல்லது 50 டொலர், எது கூடவோ அது தண்டம். ட்ரக் திருத்தகத்தில் நின்று ஒரு மைலும் ஓடாத காலாண்டுக்கும் பூச்சியம் போட்டுப் படிவம் அனுப்ப வேண்டும். ஏப்ரல் 30, ஜூலை 31, ஒக்டோபர் 31, ஜனவரி 31 என்ற நான்கு நாளையும் சுவரில் எழுதி ஒட்டுங்கோ.

தணிக்கைதான் ஆளை உடைக்கிறது. ஒவ்வொரு மாநிலமும் மாகாணமும் தன்னிடம் பதிந்தவர்களில் வருடத்துக்கு சராசரி 3 வீதம் பேரைத் தணிக்கை செய்தே ஆகவேண்டும். உங்கள் ஆவணம் போதாது என்று அவர்கள் முடிவுசெய்தால், நீங்கள் காட்டிய மைலேஜில் 20 வீதம் கழிப்பார்கள், அல்லது கலனுக்கு 4 மைல் என்று வைப்பார்கள். மேலே போட்ட அதே 30,000 மைலை எடுங்கோ. 6-க்கு 5,000 கலன். 4-க்கு 7,500 கலன். நீங்கள் அடிக்கவே இல்லாத 2,500 கலனுக்கு வரி வரும், அதற்கு ஈடாக ஒரு பற்றுச்சீட்டும் உங்களிடம் இருக்காது. சராசரி 40 சதம் என்றாலும் ஒரு காலாண்டுக்கு 1,000 டொலர். பல காலாண்டை ஒன்றாகப் பார்ப்பார்கள், வட்டியும் சேரும்.

பற்றுச்சீட்டில் திகதி, விற்றவரின் பெயரும் முகவரியும், அளவு, எரிபொருள் வகை, விலை, வாங்கியவர் பெயர், ட்ரக் இலக்கம் இத்தனையும் இருக்க வேண்டும். வெப்பத்தாளில் அடித்துத் தரும் சீட்டு சில மாதத்தில் வெள்ளையாகிவிடும். வாங்கிய அன்றே படம் எடுங்கோ. 

எல்லாரும் நம்பியிருக்கும் இஎல்டி, அதாவது ஓட்டும் நேரத்தைப் பதியும் மின்னணுக் கருவி, பற்றி ஒன்று. ஓட்டுநர் மணிநேரச் சட்டத்துக்கு அந்தப் பதிவை 6 மாதம் வைத்திருந்தால் போதும், பல சேவைகள் அவ்வளவுதான் வைத்திருக்கும். இஃப்டாவுக்கு 4 வருடம் வேண்டும். சேவையை மாற்றினாலோ கட்டணம் நிறுத்தினாலோ பழைய ஜிபிஎஸ் பதிவு போய்விடும். ஒவ்வொரு மாதமும் இறக்கி உங்கள் கணினியில் வையுங்கோ. மாநில வாரியாகக் கூட்டிய தாள் மட்டும் போதாது, அடியில் இருக்கும் இடப்பதிவும் வேண்டும், எஞ்சின் ஓடும்போது 10 நிமிடத்துக்கு ஒன்றாவது இருக்க வேண்டும்.

டல்லாஸ் முருகன்

அமெரிக்கக் கம்பெனியில் லீசில் இருப்பவர்களுக்கு: இங்குள்ள மத்திய விதிப்படி எரிபொருள் வரி யார் பொறுப்பு என்று லீஸ் ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதியே ஆக வேண்டும். பிடித்தம் எதுவானாலும் எப்படிக் கணக்கிட்டோம் என்று காட்டவும் வேண்டும். கேட்டுவிட்டால் லோட் கொடுக்க மாட்டார்கள் என்று பயந்து பலர் கேட்பதில்லை. எழுத்தில் கேளுங்கள், மரியாதையாகக் கேளுங்கள், ஆனால் கேளுங்கள்.

மீன்லோட்காரன்

இடையில் ஒரு கேள்வி. ரீஃபர் ட்ரைலர் இழுக்கிறேன். குளிரூட்டி எஞ்சினுக்கு அடிக்கிற டீசலையும் இஃப்டாவில் காட்டலாமா? கலன் கூடினால் வரவும் கூடும்தானே?

மார்க்கம் கணக்காளர்

காட்டக்கூடாது. அது ட்ரக்கை ஓட்டிய டீசல் இல்லை. சேர்த்தால் வரி கட்டிய கலன் கூடும், ஆனால் மைலேஜ் விழுந்து எல்லா மாநிலத்திலும் எரித்த கணக்கும் கூடும், தணிக்கையாளரின் கண்ணும் முதலில் அங்கேதான் போகும். பம்பில் ரீஃபர் என்று தனியாகத் தெரிவுசெய்து அடியுங்கோ, சீட்டில் தனி வரிசையாக வரும். புகையைச் சுத்தமாக்க ஊற்றும் டெஃப் திரவத்தையும் கலனில் கூட்டாதீர்கள். வீதி வரி இல்லாத, சாயம் போட்ட டீசல் ரீஃபருக்குச் சரி, ஆனால் ட்ரக் டாங்கில் ஒரு துளி கண்டாலும் அமெரிக்க வருமான வரித்துறையின் தண்டம் 1,000 டொலர் அல்லது கலனுக்கு 10 டொலர், எது கூடவோ அது.

சுன்னாகம்401

மின்னஞ்சல் அனுப்பினேன். மூன்று காலாண்டுக்கான தாள் வந்திருக்கிறது. ஒஹாயோவில் ஒவ்வொரு முறையும் எனக்கு வரவு இருந்திருக்கிறது. அது சீட்டில் ஒருநாளும் காட்டப்படவில்லை. கேஒய்யு வரியும் அந்த வெட்டுக்குள்தான் இருந்திருக்கிறது. இனி உண்மைக் கணக்கின்படி வெட்டலாம் என்று ஒத்துக்கொண்டு ஒப்பந்தத்தில் ஒரு பந்தி சேர்க்கிறார்கள். பழைய வரவுக்குப் பேச்சு நடக்கிறது.

பழைய ட்ரைவர்

நல்லது தம்பி. அந்தப் பந்தியில் வரவும் உனக்கு என்று எழுதச்சொல். கட்டவேண்டியது மட்டும் எழுதினால் போதாது.

ஓஷவா ராசன்

என் ட்ரக்கை விற்கிறேன், தொழிலை விடுகிறேன். இந்தக் கணக்கெல்லாம் என்ன செய்வது?

மார்க்கம் கணக்காளர்

ஸ்டிக்கர் இரண்டையும் விற்கும் முன் கழற்றுங்கோ, இல்லையென்றால் வாங்குகிறவர் உங்கள் பெயரில் ஓடுவார். கடைசிக் காலாண்டுப் படிவத்தைப் போட்டு இஃப்டாவை மூடும்படி எழுதுங்கோ. கென்டக்கி, நியூயோர்க் கணக்குகளை அந்தந்த இடத்தில் தனித்தனியாக மூட வேண்டும், இஃப்டாவை மூடினால் அவை தானாக மூடாது. மூடிய பிறகும் தணிக்கை வரலாம், ஆவணப் பெட்டிகளை 4 வருடம் எறியாதீர்கள்.

2290 என்ற அமெரிக்கக் கனரக வாகன வரியை மறக்கவேண்டாம். ஜூலை 1 முதல் ஜூன் 30 வரையான வருடத்துக்கு, 75,000 இறாத்தலுக்கு மேல் என்றால் 550 டொலர். கனடாப் பிளேட்டுக்கும் அதேதான். நீங்கள் ஜூலையில் முழுதாகக் கட்டியிருந்தால், விற்ற பிறகு மிச்சமுள்ள மாதங்களுக்கானதைத் திரும்பக் கேட்கலாம். 8849 படிவம், அட்டவணை 6. விற்ற திகதியும் வாங்கியவர் விபரமும் வாகன அடையாள எண்ணும் கையில் வைத்துக்கொண்டு நிரப்புங்கோ.